ஸ்டூடண்ட் பேண்டை வச்சு ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணனும்: போனா, ஹேண்டி ரெக்கார்டரா, இன்டர்ஃபேஸா, ஸ்டுடியோவா?

எங்க காலேஜ் மியூசிக் கிளப் பசங்க இந்த வருஷம் சொந்தமா ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டுட்டாங்க, ஆண்டு விழாவுக்கு முன்னாடி அதை ரெக்கார்ட் பண்ணி வெளிய விட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. மொத்தம் 6 பேர். பாட ஒரு பொண்ணு, அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, புல்லாங்குழல், அப்புறம் கஹோன், அதான் மரப்பெட்டி மேல உக்காந்து தட்டுவாங்களே, அது. நான் கணக்கு டீச்சர். சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டேன்கிற ஒரே குத்தத்துக்காக கிளப்பை என் தலையில கட்டிட்டாங்க. சவுண்ட் இன்ஜினியரிங் படிச்சதில்ல, கையில இருந்த காசு 15,000 ரூபா, அதுலயும் ஆயிரத்தி சொச்சம் போண்டா டீக்கே போயிடும்னு முன்னாடியே தெரியும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி, கடன் கேட்டு, கெஞ்சி, எது எது கிடைக்குமோ எல்லாத்துலயும் அதே பாட்டை எடுத்துப் பாத்தோம். அதைத்தான் இங்க எழுதறேன். இதே நிலைமையில இருக்கற வேற கிளப்காரங்களுக்கு ஒரு மாசம் மிச்சமாகலாம்.

முதல்ல போன். எல்லார் கையிலயும் இருக்கு, செலவு சுத்தமா இல்ல. நடுவுல ஒரு ஸ்டூல் போட்டு போனை வச்சு எல்லாரும் சுத்தி உக்காந்து வாசிச்சாங்க. கேட்டுப் பாத்தா பல்லவி ஆரம்பத்துல அந்தப் பொண்ணு மெதுவா பாடறப்ப ஃபேன் சத்தம் காத்து மழை மாதிரி எழும்புது, கஹோன் உள்ள வந்ததும் அவ குரல் அப்படியே உள்ள போயிடுது, தட்டு நின்னதும் திரும்ப மேல வருது. போன் கெட்டுப்போகல, அது செய்யற வேலையே அதுதான். பேச்சு தெளிவா கேக்கணும்னு சின்ன சத்தத்தை தூக்கி பெரிய சத்தத்தை அமுக்கற ஆட்டோ கெயின் உள்ளயே ஓடிட்டு இருக்கு. பேசறதுக்கு அது வரம், பாட்டுக்கு சாபம். சில ரெக்கார்டிங் ஆப்ல அதை ஆஃப் பண்ண செட்டிங்ஸ் இருக்கும், அமுக்காத வேவ் ஃபைலா சேவ் பண்ணவும் விடும், போன்லதான் எடுக்கப் போறீங்கன்னா அந்த மாதிரி ஆப்பா பாத்துப் போடுங்க. போனை ஏரோப்ளேன் மோடுல வைங்க, எங்க பெஸ்ட் டேக் (ஒரு தடவை வாசிச்சு எடுக்கறதுதான் டேக்) நடுவுல யாரோ ஒருத்தனோட அம்மா போன் பண்ணி சாப்பிட்டியாடான்னு கேட்டாங்க.

போன்ல மிக்ஸிங்னு ஒண்ணு, அதான் யார் சத்தம் எவ்வளவு கேக்கணும்னு சரி பண்றது, பண்ணணும்னா அது தூரம்தான். திறந்த வெளிக் கணக்குல தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும், ரூமுக்குள்ள எதிரொலி சேர்றதால அவ்வளவு குறையாது, ஆனா வித்தியாசம் காதுக்கே தெரியும். பாடற பொண்ணை ஒன்றரை அடியில, புல்லாங்குழலை 3 அடியில, கஹோனை ரூமோட அந்தக் கோடியில உக்கார வச்சோம், பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துச்சு. இன்னொண்ணு, எடுத்த ஃபைலை வாட்ஸ்அப்ல ஆடியோவா அனுப்பாதீங்க, அது அமுக்கிப் பிழிஞ்சு அந்தப் பக்கம் போகலாம், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

நடுவுல ஒருத்தன் சொன்னான், மேம் 6 பேர் கிட்ட 6 போன் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு பக்கத்துல வச்சு எடுத்து லேப்டாப்ல சேத்துடலாம்னு. கேக்க அருமையா இருந்துச்சு. ஆரம்பத்துல எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு கைதட்டு தட்டிட்டு, அந்தக் கைதட்டை வச்சு 6 ஃபைலையும் வரிசைப்படுத்தினோம், பல்லவி வரைக்கும் சூப்பர். ஆனா ஒவ்வொரு போனுக்குள்ள இருக்கற கடிகாரமும் மத்ததோட துல்லியமா ஒத்துப்போகாது, தம்மாத்தூண்டு வித்தியாசம்தான், நாலு நிமிஷ பாட்டுல அது கூடிக் கூடி கடைசி சரணத்துல ஒரே தட்டு ரெண்டு தட்டா விரிஞ்சு கேட்டுச்சு. அதுவும் போக ஒவ்வொரு போன்லயும் பக்கத்துல இருக்கறவன் வாசிச்சதும் விழுந்திருக்கு, ஒண்ணைத் தூக்கினா எல்லாம் சேந்து தூக்குது. ராத்திரி 2 மணி வரைக்கும் உக்காந்து வெட்டி வெட்டி ஒட்டினான் அந்தப் பையன், மறுநாள் கிளாஸ்ல தூங்கினான், என் கிளாஸ்தான், நான் எழுப்பல.

அடுத்தது ஹேண்டி ரெக்கார்டர். விஸ்காம் டிபார்ட்மெண்ட்ல ஜூம் எச்1என் ஒண்ணு இருந்துச்சு, ஒரு வாரத்துக்கு கடன் வாங்கினோம். உள்ளங்கை சைஸ், மேல ரெண்டு மைக் குறுக்கால பாத்துட்டு இருக்கும், ரெண்டு சின்ன பென்சில் பேட்டரியில ஓடும். இதுல ஆட்டோ கெயினை ஆஃப் பண்ணி லெவலை நாமளே வைக்கலாம், அது ஒண்ணே போனை விட பத்து மடங்கு. எனக்கு உண்மையிலேயே பிடிச்சது இதோட சவுண்டுதான். கிட்டார் இடப்பக்கம் கேக்குது, குழல் வலப்பக்கம் கேக்குது, ரூம்ல நாமளும் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.

ஆனா எடுத்தது எடுத்ததுதான். சரணத்துல பேஸ் பையன் ஒரு சுரம் தப்பிட்டான்னா 6 பேரும் திரும்ப ஆரம்பத்துல இருந்து. குரல் கொஞ்சம் சின்னதா விழுந்துடுச்சுன்னா பெருசு பண்ண வழியே கிடையாது, எல்லாம் ஒரே ஃபைல். நம்ம ஊர்ல ஒரு காலத்துல சினிமா பாட்டெல்லாம் வாத்தியக்காரங்க மொத்தப் பேரும் பாடகரும் ஒண்ணா வாசிச்சுத்தான் எடுத்தாங்க, ஒருத்தர் தப்பினா மறுபடி முதல்ல இருந்துதான். பீட்டில்ஸ்கூட முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்னிக்கு ஒரே நாள்ல லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவுல 10 பாட்டு எடுத்தாங்க, மெஷின்ல மொத்தமே 2 டிராக், அதாவது தனித்தனியா பதிய ரெண்டே வரிசை. இதை எங்க பசங்க கிட்ட பெருமையா சொன்னேன். கிட்டார் பொண்ணு கேட்டா, மேம் அவங்க அதுக்கு முன்னாடி எத்தனை நாள் சேந்து வாசிச்சாங்கன்னு. வருஷக்கணக்கா கிளப் கிளப்பா ராத்திரி ராத்திரி வாசிச்சிருக்காங்கன்னு சொன்னேன். நாங்க 5 ரிகர்சல், அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கல.

மூணாவது ஆடிட்டோரியம் மிக்ஸர். இதைப் பத்தி நிறைய பேர் ஏமாறறாங்க, அதனால சொல்லிடறேன். மிக்ஸர்ல 12 சேனல் இருக்கு, பின்னாடி யுஎஸ்பி இருக்கு, அப்ப லேப்டாப்ல 12 டிராக் தனித்தனியா வரும்னு நாங்களும் நினைச்சோம். வராது. இந்த மாதிரி சாதாரண அனலாக் மிக்ஸர் பெரும்பாலும் எல்லாத்தையும் கலந்து இடம் வலம்னு 2 சேனலாத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கலக்கறது அந்த நிமிஷமே கலந்து முடிஞ்சுடும், அப்புறம் பிரிக்கவே முடியாது, சாம்பார்ல விழுந்த உப்பு மாதிரி. மைக்செட் போடறவருக்கு அது பழக்கம், ஆனா அதே ஹால்ல பசங்க வாசிக்கற சத்தமும் காதுல விழுந்துட்டு இருக்கறப்ப ஹெட்போன்ல என்ன ரெக்கார்ட் ஆகுதுன்னு என்னால பிரிச்சுக் கேக்க முடியல. வீட்டுக்குப் போய் கேட்டா கீபோர்டு மட்டும்தான் இருக்கு. மல்டிடிராக் யுஎஸ்பின்னு தனியா போட்டிருக்கற மிக்ஸர் உண்டு, உங்க காலேஜ்ல அது இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க, மேல படிக்காம போய் ரெக்கார்ட் பண்ணுங்க.

நாலாவது யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள்ள கொண்டு போற பெட்டி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெஹ்ரிங்கர், இந்த வகை, டிபன் பாக்ஸ் சைஸ்ல இருக்கும். ரெண்டு இன்புட், அதுல மைக் சொருகலாம், இல்ல கிட்டார் கேபிளை நேரா சொருகலாம், கண்டென்ஸர் மைக்குக்கு, அதான் கரண்ட் குடுத்தாத்தான் வேலை செய்யற நுணுக்கமான மைக், அதுக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே குடுக்கும். ஒரு பழைய மாணவர் கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு இன்புட் பாக்ஸ் ஒண்ணு வாங்கினோம், மேடையில பேசப் பாட வைக்கற சாதாரண டைனமிக் மைக் ஆடிட்டோரியத்துலயே 4 சும்மா கிடந்துச்சு, பாட மட்டும் ஒரு கண்டென்ஸர் மைக் புதுசா எடுத்தோம். சாஃப்ட்வேருக்கு ரீப்பர் போட்டோம், 60 நாள் காசு குடுக்காம முழுசா யூஸ் பண்ணிப் பாக்க விடறாங்க, ஒரு பாட்டுக்கு அது தாராளம். சும்மா எடுத்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டியே போதும்.

இங்க வாசிக்கற முறையே மாறிடும். ஒவ்வொருத்தரா வந்து ஏற்கனவே எடுத்ததை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அது மேல வாசிக்கணும், எல்லாருக்கும் பொதுவா ஒரு க்ளிக், டிக் டிக் டிக்னு. எல்லா வீடியோலயும் அப்படித்தான் சொல்றாங்க, நாங்களும் அப்படியே செஞ்சோம். முதல்ல கஹோன். அந்தப் பையன் எங்க பேண்ட்லயே தாளத்துல கெட்டிக்காரன், தனியா ரூம்ல உக்கார வச்சு காதுல க்ளிக்கைப் போட்டதும் எவனோ முதல் தடவை சைக்கிள் ஓட்டற மாதிரி தடுமாறறான். சரணத்துல ஓடறான், க்ளிக் பின்னாடி நிக்குது, திரும்பிப் பிடிக்கறான், அப்ப லேட்டாகுது. 11 டேக். அப்புறம் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு சொன்னான், மேம், நான் தாளத்தைப் பாத்து வாசிக்கல, பாடறவ வாயைப் பாத்துத்தான் வாசிக்கறேன், அவ மூச்சு எடுக்கறப்ப நான் நிப்பேன்னு.

ஸ்டூடண்ட் பேண்டுக்கு எந்த முறை செட் ஆகும்கிறதை முடிவு பண்றது மெஷின் இல்ல, அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து வாசிக்கறவங்களா, இல்ல க்ளிக்குல தனியா நிக்கப் பழகினவங்களாங்கறதுதான். க்ளிக்குல வீட்டுல பழகின பசங்கன்னா கண்ணை மூடிட்டு ஒவ்வொருத்தரா எடுங்க, சுத்தமா வரும். எங்க பசங்க அந்த ரகம் இல்ல, அது குறையும் இல்ல, பரீட்சைக்கு 3 வாரம் இருக்கறப்ப அதை மாத்தவும் முடியாது.

ஸ்டுடியோவையும் விட்டு வைக்கல. டவுன்ல ஒரு சின்ன ஸ்டுடியோவுல மணிக்கணக்குல வாடகை கேட்டோம், 6 பேர் செட் பண்ணி உக்காரவே ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கும் காசு ஓடும், மிக்ஸிங்குக்கு தனி. கணக்குப் போட்டா ஒரு நாளைக்கே எங்க பட்ஜெட் முடிஞ்சுடுது, பாட்டு முடியாது. காசை விட எனக்கு இன்னொரு பயம், ரிகர்சல்ல சிரிச்சுக்கிட்டு வாசிக்கற பசங்க மீட்டர் ஓடுதுன்னு தெரிஞ்சா வெறச்சுப் போயிடுவாங்க. ஆனா ஒரு விஷயத்துல ஸ்டுடியோதான் சரி: முழு டிரம் கிட் இருந்தா. கிக், ஸ்னேர், மேல ரெண்டு ஓவர்ஹெட்னு குறைஞ்சது 3, 4 மைக் வேணும், 4 இன்புட் இன்டர்ஃபேஸ் வேணும், முக்கியமா நல்ல ரூம் வேணும், மொசைக் தரை போட்ட கிளாஸ்ரூம்ல சிம்பல் அடிச்சா காதுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். அப்ப டிரம்ஸை மட்டும் 3 மணி நேரம் ஸ்டுடியோவுல எடுத்துட்டு மிச்சத்தை காலேஜ்ல எடுக்கறது புத்திசாலித்தனம்.

கடைசியா நாங்க எடுத்த முடிவு ரெண்டும் கலந்தது. இன்டர்ஃபேஸ்ல 2 இன்புட் இருக்கே, அதனால ஆளாளா இல்லாம ஜோடி ஜோடியா. முதல்ல கிட்டாரும் கஹோனும் எதிர் எதிரா உக்காந்து சேந்து வாசிக்கணும், க்ளிக் கிடையாது, ஆரம்பத்துல மெட்ரோனோம்ல நாலு எண்ணிட்டு ஆஃப் பண்ணிடுவோம். அது மேல பேஸும் கீபோர்டும் ரெண்டும் நேரா கேபிள்ல. அப்புறம் குழல். கடைசியா குரல்.

பாடற பொண்ணு இல்லாம கஹோன் பையன் வாசிக்க மாட்டானே, அவளையும் ரூம்ல நிக்க வச்சு மெதுவா பாடச் சொன்னோம். அது அவங்க ரெண்டு பேர் மைக்லயும் லேசா விழுந்துடுச்சு, பின்னாடி நிஜமான குரலை எடுத்து வச்சப்ப அடியில ஒரு பேய் பாடற மாதிரி நிழல். சரின்னு ரெண்டாவது நாள் அவ அவன் எதிர்ல நின்னு சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சா, மூச்சு எடுக்கற இடத்துல தோளைத் தூக்கிக் காட்டினா. மூணாவது டேக்ல முடிஞ்சுது. அந்த டேக்ல சரணம் லேசா வேகம் ஏறும், க்ளிக் வச்சு அளந்தா தப்புதான், ஆனா பாட்டே அங்க ஏறத்தானே செய்யுது.

ரூம் விஷயத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இதுக்கு நாங்க ஒத்த ரூபா செலவு பண்ணல, வித்தியாசமோ புது மைக் குடுத்ததை விட அதிகம். கிளாஸ்ரூம்ல கைதட்டினா டுர்ர்னு சுவத்துக்கு சுவர் ஓடும். முட்டை அட்டை ஒட்டலாம்னு ஒருத்தன் வந்தான், வேண்டாம், வெளிச் சத்தத்தை அது தடுக்கவே தடுக்காது, உள்ள எதிரொலியையும் பெருசா குறைக்காது. கனமா, தடிமனா ஏதாவது வேணும். பிடி சார் ரூம்ல ஹை ஜம்ப்ல விழற அந்தப் பெரிய ஃபோம் மெத்தை ரெண்டு இருந்துச்சு. சார் முதல்ல முறைச்சார், அப்புறம் சாவியே குடுத்துட்டார். ஸ்போர்ட்ஸ் ரூம் மூலையில மெத்தை ரெண்டையும் வி மாதிரி நிக்க வச்சு, தரையில ஜமுக்காளம், பாடறவ முதுகுப் பக்கம் கொடியில ரெண்டு கம்பளி. ஃபேன் ஆஃப். ஏப்ரல் மாசம். டேக்குக்கு டேக் எல்லாரும் வெளிய ஓடி வந்து தண்ணி குடிச்சுட்டு உள்ள போனாங்க.

கஹோனுக்கு மைக் வைக்கறதுல ஒரு நாள் போச்சு. பின்னாடி இருக்கற ஓட்டைக்கு நேரா வச்சா தொம் தொம்னு பெருசா வருது, ஆனா சட்னு அடிக்கற அடி காணாமப் போயிடுது. முன்னாடி மட்டும் வச்சா அடி இருக்கு, வயிறு இல்ல. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வச்சுப் பாத்தோம், ரெண்டையும் சேத்தா தனித்தனியா கேட்டதை விட சன்னமா கேக்குது, என்னடா இதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டோம். பலகை முன்னாடி இருக்கற மைக்கை விட்டு விலகற அதே நேரம் பின்னாடி ஓட்டை வழியா காத்து வெளிய தள்ளுது, ஒண்ணு கூட்டல் ஒண்ணு கழித்தல், சேந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ரீப்பர்ல ஒரு டிராக்கோட ஃபேஸைத் திருப்பற, அதாவது கூட்டலைக் கழித்தலா மாத்தற பட்டனை அழுத்தினதும் பெட்டி உயிரோட எந்திரிச்சு வந்துச்சு. கணக்கு டீச்சரா அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கர்வமா இருந்துச்சு. ஆனா அது டெஸ்ட், ரெண்டு இன்புட்ல ஒண்ணு கிட்டாருக்கு வேணும், அதனால கடைசியில முன்பக்கம் ஒரு அடி தள்ளி கொஞ்சம் கீழ பாத்த மாதிரி ஒரே மைக்.

வேற சில்லறை விஷயங்கள். ப்ளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கிட்டு ஓவர்டப், அதான் ஏற்கனவே எடுத்தது மேல வாசிக்கறது, பண்ணவே முடியாது, சத்தம் லேட்டா வரும், பசங்க லேட்டா வாசிக்கறாங்கன்னு நீங்க திட்டிட்டு இருப்பீங்க. வயர் வச்ச ஹெட்போன், கூட ஒரு ஸ்ப்ளிட்டர். இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதை ஆன்ல வைங்க, வாசிக்கறது லேப்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வராம நேரா காதுக்கு வரும். லெவலை ரொம்பத் தூக்காதீங்க, 24 பிட்ல எடுத்தா சத்தமான இடம் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொட்டாலே போதும், சிவப்பு எரிஞ்சா அந்த டேக் போச்சு. லேப்டாப் சார்ஜர்ல இருந்து ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் வந்தா சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்க, எங்களுக்கு அதுலயே போச்சு. புல்லாங்குழல் ஊத ஊத சூடாகி சுருதி மேல ஏறும், அதனால பத்து நிமிஷம் ஊதி சூடாக்கிட்டு டியூனர்ல பாத்துட்டு அப்புறம் எடுங்க, நாங்க முதல் நாள் எடுத்த குழல் டேக் முழுக்க குப்பைக்குப் போனது இதனாலதான்.

இன்னிக்கு திரும்ப முடிவு எடுக்கச் சொன்னா? காசே இல்லன்னா போன், ஆனா மேல சொன்ன மாதிரி தூரம் வச்சு. க்ளாசிக்கல் குரூப், கோரஸ், இல்ல ரொம்ப நாள் சேந்து வாசிச்ச பேண்டுன்னா ஹேண்டி ரெக்கார்டரை எங்கயாவது கடன் வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். நம்மள மாதிரி அரைகுறை ரிகர்சல்ல ஒரு நல்ல பாட்டு வேணும்னா ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ஜோடி ஜோடியா. ஒவ்வொரு போன்லயும் தனித்தனியா எடுத்து ஒட்டறதை மட்டும் எதிரிக்குக்கூட சொல்ல மாட்டேன்.

மிக்ஸ் முடிச்சு எல்லாருக்கும் அனுப்பின ராத்திரி பேஸ் பையன் போன் பண்ணினான். மேம், என் பேஸ் எங்கன்னு. லேப்டாப்ல ஹெட்போன்ல நல்லாத்தானே கேட்டுச்சுன்னேன். போன் ஸ்பீக்கர்ல கேட்டிருக்கான், ஹாஸ்டல்ல எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்களாம். பேஸ்ல அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், போன்ல இருக்கற மிளகு சைஸ் ஸ்பீக்கருக்கு அதெல்லாம் எட்டாத உயரம், இல்ல, எட்டாத பள்ளம். மறுநாள் பேஸ் டிராக்ல லேசா டிஸ்டார்ஷன், அதான் சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கறது, சேத்தோம், அப்படிச் சேத்தா 82, 123, 164னு மடங்கு மடங்கா மேல இருக்கற சத்தம் பலமாகும், அதைக் கேட்டே காது அடியில இருக்கறதை தானா நிரப்பிக்கும். திரும்ப அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் ஹாஸ்டல் வராண்டாவுல இருந்து ஒரு வாய்ஸ் நோட், பின்னாடி நாலு பேர் கத்தறாங்க, இவன் நடுவுல, மேம் கேக்குது கேக்குதுன்னு.